38 வீடியோ பாக்கி

ஆன்லைனில் படிக்கிறவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான், கையெழுத்துதான் வேறு வேறு: "உட்கார முடியவில்லை." எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதிவிட்டேன், ஏனென்றால் மற்ற கடிதங்களுக்கான பதிலும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: காலேஜில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருஷம். கூடவே ஆன்லைனில் டேட்டா சயின்ஸ் டிகிரியும் படிக்கிறேன். "எதிர்காலம் இருக்குடா" என்று அண்ணன்தான் சேர்த்துவிட்டார். முதல் இரண்டு வாரம் ஒழுங்காகப் பார்த்தேன். இப்போது 38 வீடியோ பாக்கி. தினமும் ராத்திரி லேப்டாப்பைத் திறக்கிறேன், அந்த எண்ணிக்கையைப் பார்க்கிறேன், மூடிவிடுகிறேன். ப்ளஸ் டூவில் 540-க்கு மேல் எடுத்தவன் நான். எப்போது இப்படிச் சோம்பேறி ஆனேன்?
— மாணவர், விருதுநகர்

பதில்: தம்பி, சோம்பேறி லேப்டாப்பைத் திறக்கவே மாட்டான். நீங்கள் தினமும் திறக்கிறீர்கள், திறந்து மனசு நொந்து மூடுகிறீர்கள். அது வேறு விஷயம்.

ப்ளஸ் டூவில் உங்களைப் படிக்க வைத்தது யார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், அது முடிந்தால் ஸ்லிப் டெஸ்ட், மணி அடித்தால் அடுத்த பாடம், மார்க் குறைந்தால் அப்பாவைக் கூட்டி வா. எதை, எப்போது, எவ்வளவு நேரம் படிப்பது என்கிற முடிவையெல்லாம் பள்ளிக்கூடமே எடுத்தது. உட்கார்ந்து படித்தது நீங்கள்தான், அந்த 540 உங்களுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வண்டியை ஓட்டியது வேறு ஆள். ஆன்லைன் படிப்பு சத்தமில்லாமல் ஸ்டியரிங்கை உங்கள் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. திட்டம் போடுவது, போட்டபடி நடக்கிறதா என்று கவனிப்பது, நடக்காவிட்டால் வழியை மாற்றுவது, இதற்குச் சுயநெறிக் கற்றல் என்று பெயர். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பேரி சிம்மர்மேன் இதைப் பல வருஷம் ஆராய்ந்து, மூன்று கட்டமாகப் பிரித்துச் சொன்னார்: படிப்பதற்கு முன் யோசிப்பது, படிக்கும்போது தன்னைத்தானே கவனிப்பது, படித்து முடித்துத் திரும்பிப் பார்ப்பது. மூன்றாவது முடிந்ததும் அதில் தெரிந்துகொண்டதை வைத்து மறுபடி முதல் கட்டம், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். இது குணமும் இல்லை, பிறவியில் வருவதும் இல்லை. சைக்கிள் ஓட்டுவது மாதிரி ஒரு பழக்கம். உங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

சரி, பழகிக்கொண்டால் போதுமா? டைம் டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டிய எத்தனையோ பிள்ளைகளை எனக்குத் தெரியும், மூன்றாம் நாள் அந்தக் காகிதத்தின் மேல் காலண்டர் தொங்கும். ஓட்டத் தெரிந்தாலும் வண்டியில் பெட்ரோல் வேண்டும் இல்லையா? அந்த இடத்துக்கு வருகிறேன்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்று இரண்டு உளவியலாளர்கள், அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள். உடம்புக்குச் சோறு தண்ணீர் மாதிரி மனசுக்கும் மூன்று தேவைகள் உண்டு என்றார்கள். ஒன்று, இதை நான் மனசாரச் செய்கிறேன் என்ற உணர்வு. இரண்டு, என்னால் இது முடிகிறது என்ற உணர்வு. மூன்று, எனக்கு ஆள் இருக்கிறது, நான் யாருக்கோ வேண்டியவன் என்ற உணர்வு. இந்த மூன்றும் கிடைக்கிற இடத்தில் மனுஷன் தானாக முயற்சி எடுப்பான், கிடைக்காத இடத்தில் எவ்வளவு கெட்டிக்காரனும் வாடிப்போவான். உங்கள் கடிதத்தை இதை வைத்துத் திரும்பப் படித்தேன், மூன்றுமே காய்ந்துபோயிருக்கிறது.

முதலாவது. "அண்ணன் சேர்த்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் இந்தப் படிப்பு இன்னும் அவருடைய படிப்பாகவே இருக்கிறது. இதற்காக டிகிரியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அடுத்தவர் ஆரம்பித்து வைத்ததையும் நம்முடையதாக்கிக்கொள்ள முடியும் என்று டெசியும் ரயனும் விளக்கமாகவே எழுதியிருக்கிறார்கள். பயத்துக்காகப் படிப்பது, குற்ற உணர்ச்சிக்காகப் படிப்பது, இது எனக்கு உபயோகப்படும் என்று தெரிந்து படிப்பது, பிடித்துப்போய்ப் படிப்பது என்று அதில் படிப்படியாக இருக்கிறது. நீங்கள் இப்போது குற்ற உணர்ச்சிப் படியில் நிற்கிறீர்கள், அதில் நின்றுகொண்டு ரொம்ப நாள் படிக்க முடியாது. ஒரு காகிதம் எடுத்து, அண்ணன் சொன்ன காரணத்தை விட்டுவிட்டு, இதில் எனக்கு என்ன வேண்டும் என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். கிரிக்கெட் ஸ்கோரை வைத்துக் கணக்குப் போடப் பிடிக்கும் என்றால் அதையே எழுதுங்கள், அது போதும். எழுத ஒன்றுமே வரவில்லையென்றால் அண்ணனோடு உட்கார்ந்து பேசுங்கள், அந்தப் பேச்சைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டாவது, அந்த 38. தினமும் ராத்திரி அந்த எண்ணைப் பார்க்கும்போது "உன்னால் முடியாது" என்று யாரோ சொல்வது போல இருக்கும், 38 முறை சொன்ன மாதிரி இருக்கும். அதனால் நான் சொல்வது உங்களுக்கு விநோதமாக இருக்கலாம்: பாக்கியை விட்டுவிட்டு இந்த வாரப் பாடத்தை எடுங்கள். முதல் வீடியோவிலிருந்து அடைத்துக்கொண்டு வர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஏழாவது எட்டாவதில் விழுந்துவிடுகிறார்கள், அதற்குள் புதிதாகப் பத்து சேர்ந்திருக்கும். இந்த வார அசைன்மென்டைத் திறங்கள், கேள்வியைப் படியுங்கள், எது தெரியவில்லையோ அதற்கு மட்டும் பின்னால் போய் அந்த ஒரு வீடியோவைப் பாருங்கள். கணக்கு மாணவர் நீங்கள், புள்ளியியல் பகுதியில் பாதி உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். 38-ல் உண்மையிலேயே பார்க்க வேண்டியது 15 இருந்தால் அதிகம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது. முழுக் கடிதத்திலும் உங்களோடு படிக்கிற ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதே படிப்பில் உங்கள் மாவட்டத்திலேயே நாலு பேராவது இருப்பார்கள். ஒரே ஒருவரைக் கண்டுபிடியுங்கள். ராத்திரி எட்டரைக்குப் போன் போட்டு, "நான் மூணாவது கேள்வியில் நிற்கிறேன், நீ எங்கே?" என்று கேட்கும் அளவுக்குப் பழக்கம் இருந்தால் போதும்.

கேள்வி: திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். ஆன்லைனில் எம்.ஏ. தமிழ். ஷிப்ட் முடிந்து வந்து தினமும் ஒரு மணி நேரம் பாடத்தைக் கேட்கிறேன், புரிகிறது. ஒரு வாரம் கழித்து யாராவது கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை. மறுபடி கேட்கிறேன், மறுபடி மறக்கிறது. எனக்கு மூளை அவ்வளவுதானா?
— வாசகி, திருப்பூர்

பதில்: எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து தமிழ் படிக்க உட்காருகிற உங்களிடம் மூளையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, நீங்களும் பேசக்கூடாது.

கோளாறு படிக்கிற முறையில் இருக்கிறது. கேட்கும்போது புரிவது என்பது பேராசிரியர் நன்றாகச் சொல்கிறார் என்பதற்கு அடையாளம், அது நம் தலையில் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சிறு பாடத்தை ஒரு குழு நாலு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பாடத்தைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது நாலு தடவை படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்குச் சுமார் 40 சதவீதம் ஞாபகம் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். நீங்கள் சொல்கிற அதே ஒரு வாரம்.

அதனால் உங்கள் ஒரு மணி நேரத்தை உடையுங்கள். 25 நிமிஷம் கேளுங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு கட்டுரை நோட்டில், பாடத்தைப் பார்க்காமல், என்ன கேட்டீர்களோ அதை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். முதல் நாள் நாலு வரிதான் வரும், அழுகையாகக்கூட வரும். பரவாயில்லை. எழுதி முடித்தபின் பாடத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்த்து எழுதுங்கள். அஞ்சல் வழியில் படிக்கிறவர்களை நேரில் வரவழைத்து நடத்தும் தொடர்பு வகுப்பை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு நோட்டை ஒரு மாணவி கொண்டுவந்து காட்டினார், ஓரத்தில் மசாலாக் கறையோடு. முதல் பக்கங்களில் நீலம் கொஞ்சம், சிவப்பு நிறைய. பதினைந்து இருபது பக்கம் தாண்டியதும் நீலம் பக்கத்தை நிறைத்து, சிவப்பு அங்கங்கே ஒரு பெயர், ஒரு வருஷம் என்று சுருங்கியிருந்தது. அந்த நோட்டைப் புரட்டும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதல் பதிலில் சொன்ன "என்னால் முடிகிறது" என்ற உணர்வு அடுத்தவர் பாராட்டி வருவதைவிட இப்படித் தன் கையெழுத்தில் பார்க்கும்போதுதான் ஆழமாக இறங்குகிறது.

இன்னொன்று. "தினமும் படிக்கிறேன்" என்பதைக் கொஞ்சம் மாற்றி, "ஹாஸ்டலுக்கு வந்து குளித்துத் தலை துவட்டியதும் நோட்டைத் திறப்பேன்" என்று ஒரு செயலோடு முடிச்சுப் போடுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் காட்டியது இது, "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், வெறுமனே செய்யணும் என்று நினைத்தவர்களைவிடச் சொன்னதை அதிகம் செய்து முடிக்கிறார்கள். இரவு ஷிப்ட் வாரத்துக்கு வேறு முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள், ரொம்பக் களைப்பான நாளில் பத்து நிமிஷம் எழுதிவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி: என் பையன் வீட்டிலிருந்தே ஆன்லைன் டிகிரி படிக்கிறான். கதவைத் திறந்து பார்த்தால் கிளாஸ் ஒரு பக்கம் ஓடுகிறது, இவன் கேம் விளையாடுகிறான். போனைப் பிடுங்கி வைத்தேன், நெட்டை நிறுத்தினேன், நல்ல மார்க் வாங்கினால் பைக் என்றும் சொல்லிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அடியாத மாடு படியாது என்கிறார் இவன் அப்பா. 19 வயசுப் பையனை என்ன செய்ய?
— தாய், தஞ்சாவூர்

பதில்: அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கட்டிய பணமும் போய், பையன் வயசும் போய்விடுமோ என்ற பயம். ஆனால் நீங்கள் செய்த எல்லாமே ஒரே திசையில் போகிறது, அந்தத் திசையில் பலன் இல்லை.

பைக்கை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன டெசி 1971-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கல்லூரி மாணவர்களுக்கு மரத்துண்டுகளைப் பொருத்தி உருவம் செய்கிற ஒரு புதிர் கொடுத்தார், பிடித்துப்போய் விளையாடினார்கள். பிறகு ஒரு பகுதியினருக்கு மட்டும், முடிக்கிற ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் கொடுத்தார். அப்புறம் காசை நிறுத்திவிட்டு, சும்மா இருக்கிற நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். காசு வாங்கியவர்கள் புதிரைத் தொடுவது குறைந்துவிட்டது. 1999-ல் இந்த மாதிரி 128 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், கைக்கு வரும் பரிசு உள்ளே இருக்கிற ஆர்வத்தைக் குறைக்கிறது, எது நன்றாக வந்தது என்று எடுத்துச் சொல்கிற வார்த்தை ஆர்வத்தைக் கூட்டுகிறது என்றே வந்தது. பைக் வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, மார்க்கோடு அதைக் கட்டாதீர்கள்.

அதற்காகக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடச் சொல்கிறேனா என்றால், அது அடிப்பதைவிட மோசம். அவனுக்கு ஒழுங்கும் வேண்டும், அந்த ஒழுங்கைத் தானே சேர்ந்து போட்டோம் என்ற மரியாதையும் வேண்டும். சாப்பாட்டு நேரத்தில், கிளாஸ் நடக்காத சமயமாகப் பார்த்துக் கேளுங்கள்: "தம்பி, இந்தப் படிப்பில் எது உனக்கு ஒத்துவரலை?" கேட்டுவிட்டு நடுவில் பேசாமல் இருங்கள், கஷ்டம்தான். அவன் சொல்கிற பதிலில் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று இருக்கும். ஆங்கிலம் புரியவில்லை என்பான், இல்லையென்றால் முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர் விழுந்தது, வெளியே சொல்லவில்லை என்பான். அரியரை மறைத்து வைத்திருக்கிற பையனுக்கு கேம் ஓர் ஒளிந்துகொள்கிற இடம், அங்கே ஒவ்வொரு லெவலிலும் அவனுக்கு "முடிந்தது" என்று வருகிறது, சேர்ந்து விளையாட நாலு பேர் இருக்கிறார்கள், எதை ஆடுவது என்று அவனே முடிவு செய்கிறான். பாருங்கள், மூன்று தேவையும் அங்கே கிடைக்கிறது. படிப்பில் ஒன்றாவது கிடைக்க ஆரம்பித்தால் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வருவான். எந்த நேரம் படிப்பு, எந்த நேரம் விளையாட்டு என்று அவனையே எழுதச் சொல்லுங்கள், எழுதியபடி நடக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேளுங்கள். நடுவில் கதவைத் திறக்காதீர்கள். இரண்டு மாதம் இப்படி விட்டுப் பார்த்தும் அவன் தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டு, யாரோடும் பேசாமல் இருந்தால் மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம்.

அவன் அப்பாவிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: மோட்டிவேஷன் வீடியோ பார்த்தால் இரண்டு நாள் நன்றாகப் படிக்கிறேன், அப்புறம் பழைய கதை. நிரந்தரமாக மோட்டிவேஷன் வர என்ன செய்வது?
— மாணவி, சேலம்

பதில்: அந்த வீடியோவைப் பார்க்கும் இருபது நிமிஷத்தில் ஒரு அசைன்மென்ட் கேள்வியைப் போடுங்கள். ஆர்வம் வந்தபிறகு படிக்கலாம் என்று காத்திருந்தால் பெரும்பாலும் வராது, படித்து ஏதோ ஒன்று பிடிபட்டபிறகே அது பின்னால் வருகிறது.

கேள்வி: காலேஜுக்கே போகாமல் வாங்கினது ஒரு டிகிரியா என்று கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சித்தப்பா கேட்டுவிட்டார். அதிலிருந்து புத்தகத்தைத் தொடவே மனசில்லை.
— வாசகர், காரைக்குடி

பதில்: சித்தப்பாவுக்கு விவரம் தெரியவில்லை, சொல்லுங்கள். டெல்லி பல்கலைக்கழகம் 1962-லேயே அஞ்சல் வழியாகப் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. உங்களுக்குப் பக்கத்திலேயே, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் தொடங்கியது. அரசு வேலை பார்த்துக்கொண்டே, பிள்ளை வளர்த்துக்கொண்டே அதில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார்கள். முறையான அனுமதி பெற்ற நிறுவனத்தின் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2022-ல் திரும்பவும் அறிவித்தது. உங்கள் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இதை அத்தனை பேருக்கும் சொல்கிறேன், பணம் கட்டும் முன் பாருங்கள்.

ஆனால் நீங்கள் எழுதியதில் என்னை உறுத்தியது அந்தக் கடைசி வரி. ஒரு வார்த்தை புத்தகத்தைத் தொட விடாமல் செய்கிறது என்றால் அது உங்கள் பலவீனம் இல்லை. தனியாகப் படிக்கிறவருக்கு, நீயும் மாணவன்தான் என்று தினமும் சொல்ல ஆள் கிடையாது, அதனால் வெளியிலிருந்து வரும் ஒரு சொல் அவ்வளவு ஆழமாகக் குத்துகிறது. உங்கள் படிப்பு மையத்தில் தொடர்பு வகுப்பு நடந்தால் தவறாமல் போங்கள், பாடத்துக்காக இல்லாவிட்டாலும் போங்கள்.

கேள்வி: உதவிப் பேராசிரியை நான். ஆன்லைன் வகுப்பில் அறுபது கறுப்புக் கட்டங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். கேமராவைப் போடச் சொன்னால் போடுவதில்லை. கேள்வி கேட்டால் மௌனம். இவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லையோ என்று தோன்றுகிறது. நான் என்ன செய்ய முடியும்?
— திருநெல்வேலி

பதில்: மேடம், கேமராவை விட்டுவிடுங்கள். ஒரே அறை வீட்டில், பின்னால் பாட்டி படுத்திருக்க, தம்பி டி.வி. பார்க்க, அந்தப் பிள்ளை எப்படிக் கேமராவைப் போடும்? டேட்டாவும் தீர்ந்துபோகும்.

அறுபது பேர் முன்னால் மைக்கைத் திறந்து பேச எல்லாருக்கும் பயம், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று. அறுபதை நாலு நாலு பேராகப் பிரித்துவிடுங்கள், வருஷம் முழுக்க அதே நாலு பேர். வாரம் ஒரு தடவை அந்த நாலு பேரில் ஒருவர் மற்ற மூவருக்கு ஒரு பகுதியைச் சொல்லித் தரட்டும், அடுத்த வாரம் அடுத்தவர். இது நம் மண்ணில் புதிது இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது இப்படித்தான். சென்னையில் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789-லிருந்து நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளைகள் பிள்ளைகளுக்கு மணலில் எழுதிச் சொல்லித் தரும் முறையை அங்கே பயன்படுத்தி, 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். அங்கே அதற்கு மதராஸ் முறை என்றே பெயர் வந்தது. அடுத்தவருக்குச் சொல்லித் தர வேண்டும் என்றால் பிள்ளை தானாகவே முன்கூட்டி யோசிக்கும், எங்கே தனக்கே புரியவில்லை என்று கண்டுபிடிக்கும். சிம்மர்மேன் சொன்ன மூன்று கட்டமும் யாரும் பாடம் நடத்தாமலேயே அதில் நடந்துவிடும்.

மதிப்பெண் போடும் முறையிலும் கொஞ்சம் இடம் விடுங்கள். ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் திட்டத்தின் 12 வாரப் படிப்புகளில் 12 அசைன்மென்டில் சிறந்த எட்டைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள், அதற்கு 25, தேர்வுக்கு 75. நாலு வாரம் காய்ச்சலோ கல்யாணமோ வந்தாலும் பிள்ளை கைவிட்டுவிடாமல் அடுத்த வாரம் திரும்பி வரும். உங்கள் இன்டர்னலிலும் இது மாதிரி செய்ய முடியுமா என்று துறைத் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள், உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி: "இன்று எந்த இடத்தில் தொலைந்துபோனீர்கள்?" அடுத்த வகுப்பை அந்தப் பதில்களிலிருந்து ஆரம்பியுங்கள், யார் எழுதியது என்று சொல்லாமல். வருஷக் கணக்கில் தொடர்பு வகுப்பு எடுத்தபோது ஒரு பையன் கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் இருப்பான். இப்படி ஒரு சீட்டில், "மேட்ரிக்ஸ் பெருக்கலில் ஏன் வரிசையைப் பத்தியால் பெருக்க வேண்டும், யாரும் சொல்லவில்லை" என்று எழுதியிருந்தான். அடுத்த ஞாயிறு அந்தக் கேள்வியைப் போர்டில் எழுதினேன். அவன் அன்றைக்கு இரண்டாவது பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்.